நடு ஆற்றில் நின்ற குரல்

ஜீப்பை விட்டு இறங்கியதும் பொன்னுத்துரை முதலில் பார்த்தது ஆற்றைத்தான். மாயாறு செம்மண் கரைத்த நிறத்தில் கரையை உரசிக்கொண்டு போனது. மேலே கிளென்மார்கன் பக்கம் மழை கொட்டினால் கீழே இந்த ஆறு ஒரே நாளில் ஆளே மாறிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த வெள்ளியங்கிரி, வெள்ளத்தைத் தானே ஏற்பாடு செய்தவர் மாதிரி பெருமையோடு கை காட்டினார்.

வெள்ளியங்கிரி அந்த விடுதியின் மேனேஜர். யானையும் புலியும் பார்க்க வருகிறவர்களுக்காகக் கோயமுத்தூர் முதலாளி ஒருவர் சரணாலயத்தின் எல்லையில், ஆற்றங்கரையிலேயே கட்டிய விடுதி அது. சீசனில் கார் நிறுத்த இடம் இருக்காது. ஆடி மழையில் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. அந்த மழைக்காலம் முழுக்கத் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. சிலோனிலிருந்து திரும்பி வந்து, தேவாலாவில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து வீடு கட்டி முடியட்டும் என்று காத்துக்கிடந்த பொன்னுத்துரைக்கும் அவர் மனைவி சின்னம்மைக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை தேவைப்பட்டது. கூடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சு முடிந்தது. அது எண்பத்து மூன்றாம் வருடம்.

"ஏனுங்க, சாமான் இவ்வளவுதானுங்களா?" ஒரு தகரப் பெட்டியையும் ஒரு மூட்டையையும் பார்த்துவிட்டு வெள்ளியங்கிரி கேட்டார்.

"கப்பல்ல இவ்வளவுதான் ஏத்தினோம், தொரை."

"தொரையெல்லாம் வேண்டாமுங்க. எங்கூட்டுல கேட்டாச் சிரிப்பாங்க."

சமையலறை, விறகு, மண்ணெண்ணெய், அரிசி எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார். அந்தி சாய்ந்ததும் வராந்தாவில் விளக்கு எரிய வேண்டும். ஆள் இருக்கிறது என்று யானைக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஏதோ உப்பு, புளி மறந்தவர் போல மறுபடி இறங்கி வந்தார்.

"இன்னொண்ணுங்க. பொழுது சாஞ்சா அக்கரையிலிருந்து ஆராச்சும் கூப்புடற மாதிரி கேட்டாக்க, வாயத் தொறந்துராதீங்க."

"அக்கரையில ஆரு இருக்கா?"

"ஆரும் இல்லீங்க. வெறுங்காடு. அதுக்குத்தான் சொல்றேன்."

பொன்னுத்துரை தலையாட்டி வைத்தார். சின்னம்மைக்கு அது பிடிக்கவில்லை. ஜீப்பின் சத்தம் ஓய்ந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"கூப்புட்டா பதில் போடக்கூடாதாம். இது என்னா ஊருங்க?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் விட்டு வந்த சிலோன் மலையில் வழக்கமே வேறு. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு நிரையில் ஏறிப் போயிருப்பார்கள். திடீரென்று பனிமூட்டம் இறங்கும். பக்கத்துச் செடி தெரியாது, காலடியில் பள்ளம் தெரியாது. அப்போது வழி தவறியவள் இரண்டு கையையும் வாயருகில் குவித்து 'ஊ' என்று நீளமாக ஒரு குரல் போடுவாள். கேட்டவள் யாரானாலும், ஜென்மப் பகையாளியே ஆனாலும், திருப்பிக் குரல் போட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவள் நடந்து வருவாள். வந்து சேரும்வரை பதிலை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால், கடைசியாகக் கேட்ட திசையை நம்பிப் பள்ளத்தில் கால் வைத்துவிடுவாள். கூடை தூக்கிய முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான். கொழுந்து கிள்ளுவதெல்லாம் அப்புறம்.

சின்னம்மை அதைத் தன் ஒரே மகள் தெய்வம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள். தெய்வம்மா அங்கேயே இருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் எல்லோருக்கும் சிலோன் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது; பெற்றவர்களுக்கு இந்தியாவுக்கு ஏறச் சொல்லி முறை வந்தது. தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்களை ஒரு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரித்து வைத்தார்கள். யாரைப் போய் நோவது? "அங்க ஒரு காம்பரா கெடைச்சதும் ஒன்ன அழைச்சுக்கிறேன் புள்ள" என்று பொன்னுத்துரை ரயிலடியில் சொல்லிவிட்டு வந்திருந்தார். எந்தச் சட்டத்தில் அழைப்பது, எப்படி அழைப்பது என்று அவருக்கும் தெரியாது. வைகாசிக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஆற்றங்கரையில் முதல் சில நாட்கள் மழையோடு போயின. மான்கள் முற்றம்வரை வந்து புல் மேய்ந்தன. மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டால் யானை. குரங்கு கத்தினால் சிறுத்தை. இதெல்லாம் பழகிவிட்டது. மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்?

ஒருநாள் மழை விட்டு, ஆற்றின் மேல் புகை மாதிரி மூட்டம் எழுந்தது. பொன்னுத்துரை விளக்குச் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முற்றத்து மான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. தவளைச் சத்தம் நின்றது.

பச்சைக் கொழுந்து வாசம் வந்தது.

கூடையில் கொட்டி வைத்த ஈரக் கொழுந்தின் வாசம். அந்தக் காட்டில் தேக்கும் மூங்கிலும்தான் உண்டு. தேயிலைச் செடி பார்க்க வேண்டுமானால் மலை ஏற வேண்டும்.

பிறகு அக்கரையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

'ஊ' என்று நீளமாக எழுந்து, நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்கி, மறுபடி எடுத்து, இறங்கி முடிந்தது.

சிமினி அவர் கையிலிருந்து நழுவி உடைந்தது. தெய்வம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு நீளாது. நடுவில் ஒருமுறை வாங்கித்தான் எடுப்பாள். தோட்டம் முழுக்க அவளை அதற்குக் கேலி செய்யும்.

சின்னம்மை சமையலறையிலிருந்து கையில் மாவோடு ஓடி வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் பொன்னுத்துரையைக் கலக்கியது.

"ஏங்க, நம்ம புள்ள."

"வாய மூடு. அவ எங்க, இது எங்க?"

"எனக்குத் தெரியாதா எம்புள்ள கொரலு?"

அவர் தடுப்பதற்குள் அவள் கரைக்குப் போய்விட்டாள். மாவுக் கையை வாயருகில் குவித்துப் பதில் குரல் போட்டாள்.

அக்கரை ஒரு கணம் அமைதியாக இருந்தது. பிறகு குரல் வந்தது. அழுகைக்குப் பிறகு வருகிற சிரிப்பு போல அதில் ஒரு நடுக்கம். சின்னம்மை போட்டாள், அது வந்தது. மறுபடி போட்டாள், மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டத்தில்.

அக்கரைப் புதரில் இருந்தது.

தண்ணீர் ஓரத்தில் இருந்தது.

தண்ணீருக்கு மேல் இருந்தது.

யானையே கால் வைக்கத் தயங்குகிற வெள்ளம். பெருமரங்கள் வேரோடு புரண்டு போகின்றன. அதன் மேல் ஒரு குரல், தடுமாறாமல், அடி வைத்து வருகிறது. மூட்டத்துக்குள் உருவம் எதுவும் தெரியவில்லை. கொழுந்து வாசம் மட்டும் மூக்கை அடைத்தது. மகளாக இருந்தாலும் இப்படி வருகிறவள் யார்? வெள்ளியங்கிரி சொன்னது அப்போதுதான் அவர் காதில் ஏறியது.

அவர் பின்னாலிருந்து சின்னம்மையின் வாயைப் பொத்தினார்.

அவள் திமிறினாள். உள்ளங்கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. அப்படியே வராந்தாவுக்கு இழுத்து வந்து கீழே உட்கார்த்தி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

நடு ஆற்றிலிருந்து குரல் கேட்டது.

பதில் இல்லை.

மறுபடி கேட்டது. இந்த முறை அது வேறு பக்கம் திரும்பிக் கேட்டது. பிறகு இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவள் சுற்றிச் சுற்றிக் கேட்பது போல, வேகமாக, மூச்சு வாங்க நேரமில்லாமல் கேட்டது. கடைசியாக வந்தது பாதியில் அறுந்தது. தவளைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

பொன்னுத்துரை கையை எடுத்தார். சின்னம்மை கத்தவில்லை. அடிக்கவும் இல்லை.

"நிறுத்திட்டீங்களே" என்றாள். "வந்துக்கிட்டிருந்தவள நடு ஆத்துல நிறுத்திட்டீங்களே."

அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. பொழுது சாய்ந்தால் கரையில் நின்று தொண்டை கிழியக் குரல் போட்டாள். ஆறு மட்டும்தான் ஓடியது. அரிசி கொண்டுவந்த வெள்ளியங்கிரி, சிலோனில் பெரிய கலவரம் என்று ரேடியோவில் சொன்னதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்குப் பொன்னுத்துரை சாப்பிடவில்லை.

மழைக்காலம் முடிந்தும் தேவாலா வீடு முடியவில்லை; வெள்ளியங்கிரி அவர்களை விடுதி வேலையிலேயே வைத்துக்கொண்டார். தை மாதம் அய்யாவு வந்தான். அவர்கள் லயத்துக்காரன், மருமகனுக்குக் கூட்டாளி. கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, விசாரித்து விசாரித்து இங்கே வந்து சேர்ந்திருந்தான். விடுதியில் விருந்தாளிகள் இருந்ததால் அவனைச் சமையலறைக்குப் பின்னால் விறகுக்கட்டையில் உட்கார வைத்துச் சின்னம்மை தேத்தண்ணி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் குடிக்காமல் இருந்தான்.

"சொல்லு" என்றாள் சின்னம்மை. "தெரிஞ்சதுதான். நீ சொல்லு."

லயத்துக்குத் தீ வைக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் தேயிலை மலைக்குள் ஓடியிருக்கிறார்கள். அந்தி நேரம். நல்ல மூட்டம். ஓடின ஓட்டத்தில் தெய்வம்மா பிரிந்துவிட்டாள்.

"அவளுக்கு நெறமாசம், அத்தை. ஓட முடியல. மேல் மலையில நின்னு கொரல் போட்டா."

"ஆரும் போடலியா?"

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான். "கீழ ரோட்டுல அவனுக நின்னுக்கிட்டு இருக்கானுக. போட்டா அத்தன பேரும் போயிருப்போம். புள்ளைக வாயையெல்லாம் பொத்திக்கிட்டுச் செடிக்குள்ள கெடந்தோம். கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. வெள்ளன போயிப் பாத்தா, ஓடைப் பள்ளத்துல..."

பொன்னுத்துரை தன் உள்ளங்கையைப் பார்த்தார். பல் பதிந்த தழும்பு இன்னும் இருந்தது. அங்கே ஊரே வாயைப் பொத்தியிருக்கிறது. கடல் தாண்டி அம்மாவிடம் வந்தவளுக்குப் பதில் போட்ட வாயை இங்கே அப்பன் பொத்தினான். அந்த மனிதர் எழுந்து ஆற்றங்கரைக்குப் போய், விருந்தாளிகள் பார்க்கிறார்கள் என்ற நினைப்புகூட இல்லாமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பங்குனியில் தேவாலா வீடு தயார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. சின்னம்மை அசையவில்லை. "எம்புள்ள நடு ஆத்துல நிக்கிறா. நான் ஊடு குடி போகவா?" என்றாள். மாதக்கணக்கில் அவரோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. அந்த வீட்டில் தற்சமயத்துக்கு அய்யாவு இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, பொன்னுத்துரையும் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டார்.

அடுத்த ஆடியில், முதல் மூட்டத்தில், குரல் வந்தது. நடு ஆற்றிலிருந்து. சின்னம்மை பதில் போட்டாள். அது பதிலுக்கு வந்தது. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மழைக்காலம் முழுக்க அவள் கூப்பிட்டாள். ஒரு முழம்கூட அது கிட்டே வரவில்லை.

"ஒருக்கா ஏமாந்தவ காலெடுத்து வைக்க மாட்டா" என்றாள் சின்னம்மை. "நிறுத்துன ஆளு கூப்புட்டாத்தான் நம்புவா."

பொன்னுத்துரை கையைக் குவித்துப் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எந்த மூஞ்சியோடு கூப்பிடுவது? வெள்ளியங்கிரியும் எல்லாம் கேள்விப்பட்டார். பயந்த மனிதர், மழைக்காலத்தில் பொழுது சாயும் முன்னே ஜீப்பைத் திருப்பிவிடுவார். ஆனால் அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கும் அடுத்த ஆடியில் சின்னம்மை காய்ச்சலில் படுத்தாள். வருடக்கணக்காகக் கத்திய தொண்டை அடியோடு அடைத்துவிட்டது. மூட்டம் இறங்கிய நேரம், வராந்தாவில் கம்பளிக்குள் சுருண்டிருந்தவளின் காதில் குரல் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

நடு ஆற்றில் மறுபடி கேட்டது.

அவள் கணவனைப் பார்த்தாள். கெஞ்சினாள் என்றும் சொல்லலாம். சபித்தாள் என்றும் சொல்லலாம்.

பொன்னுத்துரை கரைக்குப் போனார். கொழுந்து வாசம் முகத்தில் அடித்தது. கையைக் குவித்து, வயிற்றின் அடியிலிருந்து இழுத்து, ஒரு குரல் போட்டார். ஆண் குரல், கரகரத்து, அழுகையோடு போனது.

ஆறு அமைதியானது.

அவர் மறுபடி போட்டார். "வந்துரு புள்ள. நிறுத்த மாட்டேன்" என்று நடுவில் வாய்விட்டுச் சொன்னார்.

தெய்வம்மாவின் குரல் வந்தது. அது நின்ற இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில், அதற்கும் கீழே, இன்னொன்று எழுந்தது.

சின்னஞ்சிறு குரல்.

இப்போதுதான் கற்றுக்கொண்ட மாதிரி, கோணலாக, கீச்சென்று. நடுவில் மூச்சு வாங்கவில்லை.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அவர் குரலை நிறுத்தவில்லை. பெரிய குரல் நடு ஆற்றிலிருந்து ஒன்று போடும், போ என்று முதுகைத் தள்ளிவிடுவது போல. அதற்குப் பிறகு சின்னக் குரல், ஓர் அடி முன்னால். அவர் பதில். மறுபடி பெரியது. மறுபடி சின்னது. வெள்ளத்துக்கு மேலே அது தத்தித் தத்தி வந்தது. மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. கரையோர நாணல் அசைந்தது. அவர் காலடியில் அது கேட்டது.

அப்புறம் பெரிய குரல் வரவில்லை. அவர் தொண்டையில் ரத்தம் வருமளவு கூப்பிட்டார். இனிக் கூப்பிட்டால் வருவதற்கு அங்கே யாரும் இல்லை என்று சின்னம்மை வந்து தோளைத் தொட்டபோதுதான் நிறுத்தினார். அவள் அந்த வருடங்களில் அவரைத் தொட்டது அதுவே முதல் தடவை. இருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தும் முன் சின்னம்மை ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

அந்த மழை முடிந்ததும் தேவாலா வீட்டுக்குப் போனார்கள். அய்யாவு வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டான். தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஒழுகாத வீடு. மூன்றாவதாக ஒரு தட்டு வைத்துச் சோறு போடுவதைப் பார்த்து, மகளை நினைத்து வைக்கிறார்கள் என்று அக்கம்பக்கம் விட்டுவிட்டது. தட்டில் வைத்தது வைத்தபடிதான் இருக்கும். வந்தது உண்மையா, வந்ததென்றால் பேரனா பேத்தியா என்று புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் வழக்காடுவார்கள். கண்ணால் ஒன்றையும் கண்டதில்லை. ஆற்றங்கரையை விட்ட பிறகு காதால் ஒன்றையும் கேட்டதில்லை.

எண்பத்தேழில், ஒரு மழை நாளில், இருவரும் பஜாரில் மரியம் பீவியின் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மரியம் பீவி புதிதாகக் கடை வைத்தவள். இவர்கள் கதை எதுவும் அறியாதவள். பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சின்னம்மையைக் கடிந்துகொண்டாள்.

"ஏனுங்கக்கா, புள்ளைய இப்பிடி நனைய வுடலாமுங்களா? ஒவ்வொருக்கா நீங்க வாரப்பவும் பாக்கறேன். தலையில தண்ணி சொட்டச் சொட்ட அந்தப் படியிலயே நிக்குது. உள்ள வான்னாலும் வர மாட்டேங்குது."

பொன்னுத்துரை திரும்பிப் பார்த்தார். கடைப்படியில் மழைத் தெறிப்புதான் இருந்தது.

"எந்தப் புள்ள?" சின்னம்மையின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"உங்க பேத்திதானுங்களே? சாடை அப்பிடியே உங்களாட்டம். முடிய வாரி ரெட்டைச் சடை போட்டுவுட்டா எத்தன அழகா இருப்பா!"

பேத்தி. சின்னம்மை கல்லாப்பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது. அதைத் துடைக்காமலே, "சடைக்கு ஒரு ரிப்பன் குடுங்க" என்றாள்.

"என்ன கலருங்க?"

சின்னம்மை வெறும் படியைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: "என்ன கலரு வேணும், கண்ணு?"

பொன்னுத்துரையும் படிப்பக்கம் திரும்பிக் காத்திருந்தார். அவர்கள் இருவருக்கும் ஓட்டில் விழும் மழைதான் கேட்டது.

மரியம் பீவி படிப்பக்கம் காதைக் கொடுத்தாள். சிரித்தாள். சிவப்புச் சுருளை எடுத்து இரண்டு முழம் அளந்து கத்தரித்தாள்.